டிராகன் பால் ஃபைட்டர்ஸ்: முதல்முறை கையில் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டிராகன் பால் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை வைத்துச் செய்த சண்டை கேம் டிராகன் பால் ஃபைட்டர்ஸ். வந்தது 2018 ஜனவரியில். இன்றும் யாராவது ஒருவர் தள்ளுபடியில் வாங்கி, ஒரு சாயங்காலம் விளையாடிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய இதே கேள்விகளோடு வருகிறார். அவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். சண்டை கேம் பழக்கமே இல்லாதவர்களை மனத்தில் வைத்து எழுதியது. இடையிடையே என் சொந்த அபிப்பிராயமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எந்த மாதிரி கேம்? மற்ற டிராகன் பால் கேம்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

டிராகன் பால் பெயரில் வரும் கேம்களில் பெரும்பாலானவை முப்பரிமாண வெளியில் பறந்து திரிந்து சண்டை போடுவதாக இருக்கும். 2016ல் வந்த ஜெனோவெர்ஸ் 2, 2024ல் வந்த ஸ்பார்க்கிங் ஜீரோ இரண்டும் அந்த ரகம். கேமரா உங்கள் ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

ஃபைட்டர்ஸ் அப்படியில்லை. இருவரும் திரையில் பக்கவாட்டில் எதிரெதிரே நிற்பார்கள், ஸ்ட்ரீட் ஃபைட்டர் போல. ஆனால் ஆளுக்கு ஒருவர் அல்ல, மூவர். ஒருவர் களத்தில் இருக்க, மற்ற இருவரும் கூப்பிட்டால் ஓடிவந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போவார்கள். அழைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆளே மாறிவிடும். மார்வெல் வெர்சஸ் கேப்காம் விளையாடியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். உருவாக்கியது ஜப்பானின் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ், வெளியிட்டது பண்டாய் நாம்கோ.

அனிமேயே ஓடுகிற மாதிரி இருக்கிறதே. இது கையால் வரைந்த படமா?

இல்லை. எல்லாமே முப்பரிமாண உருவங்கள்தான். அன்ரியல் இன்ஜின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்தது. முதல் தடவை பார்ப்பவர்கள் இதை நம்புவதே இல்லை. லெவல் 3 என்ற மிகப் பெரிய அடியின்போது கேமரா கதாநாயகன் கோகுவைச் சுற்றி வளைந்து போகும்போதுதான் பலருக்கும் சந்தேகம் வருகிறது.

இந்த வித்தையை ஆர்க் சிஸ்டம் 2014ல் வந்த கில்டி கியர் எக்ஸர்டிலேயே கண்டுபிடித்துவிட்டது. அதன் சூட்சுமம் எதைச் சேர்ப்பது என்பதில் இல்லை, எதை விட்டுவிடுவது என்பதில் இருக்கிறது. வழக்கமான முப்பரிமாண கேமில் ஒரு கை இங்கிருந்து அங்கே போகிறது என்றால், இடைப்பட்ட அசைவுகளையெல்லாம் கணினியே வழுவழுப்பாக நிரப்பிவிடும். இங்கே அந்த நிரப்பலை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு தோரணை சில ஃபிரேம்களுக்கு (திரையில் ஓடும் தனித்தனிப் படங்களுக்கு) அசையாமல் நிற்கும், பிறகு சட்டென்று அடுத்த தோரணை. டிவி அனிமேயில் செலவைக் குறைக்கப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து வரைவார்களே, அந்தத் துண்டு துண்டான அசைவை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதோடு விடவில்லை. நிழல் எங்கே விழ வேண்டும் என்பதையும் கணினியின் கணக்குக்கு விடாமல், முகத்தின் எந்த மடிப்பில் கருமை வர வேண்டும் என்று ஓவியர்களே கையால் திருத்தியிருக்கிறார்கள். முஷ்டி திரையை நோக்கி வரும்போது அந்த உருவத்தின் கையையே பெரிதாக இழுத்துவிடுகிறார்கள். டிரெய்னிங் மோடுக்குப் போய் வெஜிட்டாவின் ஹெவி அடியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்துப் பாருங்கள். கை போகும் வழி கண்ணுக்குத் தெரியாது. ஓங்கிய கையும் இறங்கிய கையும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் அடி கனமாக விழுந்த உணர்வு வரும்.

பட்டனைக் கண்டபடி தட்டினாலே காம்போ (விடாமல் விழும் தொடரடி) வருகிறது. அப்படியென்றால் திறமைக்கு என்ன வேலை?

லைட், மீடியம், ஹெவி, ஸ்பெஷல் என்று நான்கு பட்டன்கள். லைட்டை மட்டும் விடாமல் தட்டினால் அடி, உதை, வானத்தில் ஏற்றல், கீழே அறைதல் என்று ஒரு முழுத் தொடர் தானாக வரும். மீடியத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. விசேஷ அடிகளுக்கும் கால்வட்டத் திருப்பல் மட்டுமே போதும். கீழ், கீழ்-முன், முன் என்று விரலை ஒரு வளைவு வளைத்துப் பட்டனை அழுத்தினால் காமேஹாமேஹா, கோகுவின் புகழ்பெற்ற கதிர் வீச்சு. மற்ற சண்டை கேம்களில் வரும் சிக்கலான திருப்பல்கள் இங்கே கிடையாது.

பழைய ஆட்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு இது இந்த கேமின் மிக நல்ல முடிவாகப் படுகிறது. டிராகன் பாலுக்காக வந்தவன் முதல் ஐந்து நிமிடத்தில் கோகு மாதிரி சண்டை போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவன் இரண்டாவது நாள் வரமாட்டான்.

ஆனால் தானியங்கி காம்போவின் சேதம் குறைவு, வழியும் ஒன்றே ஒன்று. எதிராளி அதை நாலு தடவை பார்த்தால் ஐந்தாவது தடவை எங்கே தடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிடுவான். அப்போதுதான் லைட்டை இரண்டோடு நிறுத்தி மீடியத்துக்குப் போவது, இடையில் நண்பனைக் கூப்பிட்டுக் காம்போவை நீட்டுவது, ஒரு கோடு கி (ஆட்டத்தில் சேரும் சக்தி) செலவழித்து எதிரியின் முதுகுக்குப் பின்னால் தோன்றி அடிப்பது எல்லாம் தேவைப்படும். உள்ளே நுழைவது சுலபம், மேலே ஏறுவது கடினம். கடினம் என்றால் உண்மையிலேயே கடினம்.

எதிரி ஒவ்வொரு தடவையும் பறந்து வந்து முகத்தில் மோதுகிறான். என்னதான் செய்வது?

அதற்கு சூப்பர் டேஷ் என்று பெயர். ஹெவியும் ஸ்பெஷலும் சேர்த்து அழுத்தினால் உங்கள் ஆள் எதிரியைத் தேடிப் பறப்பான். வழியில் வரும் சின்ன கி குண்டுகளையெல்லாம் துளைத்துக்கொண்டு போவான். புதியவர்கள் எல்லோரும் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, வேறு எதையும் செய்யாமல் இதையே செய்துகொண்டிருப்பார்கள்.

மருந்து மிக எளிது. கீழே அழுத்திக்கொண்டு ஹெவி. எல்லாப் பாத்திரங்களுக்கும் இந்த அடி உண்டு, மேலிருந்து வருபவனை இது தூக்கி எறியும். கபடியில் பாடிவந்தவன் தானாகவே நடுவில் வந்து மாட்டிக்கொள்வது மாதிரிதான். நீங்கள் அவசரப்படாமல் காத்திருந்தால் போதும். இதைக் கற்றுக்கொண்ட அன்றைக்கே நீங்கள் தோற்கும் ஆட்டங்களில் பாதி குறையும்.

தடுத்துக்கொண்டிருக்கும்போதே வந்து பிடித்து உதைக்கிறார்கள். அது எப்படி?

டிராகன் ரஷ். லைட்டும் மீடியமும் சேர்த்து அழுத்துவது. தடுப்பை உடைக்கவே வைத்திருக்கிறார்கள். எதிரி பச்சை ஒளியோடு பாய்ந்து வருவதைப் பார்த்தவுடன் நீங்களும் அதே இரண்டு பட்டன்களை அழுத்தினால் பிடி விலகிவிடும். பிடி விழுந்துவிட்டால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உங்கள் ஆளைக் களத்திலிருந்து தூக்கிவிட்டு, பின்னால் அடிபட்டு ஒதுங்கியிருப்பவனை இழுத்து வந்து நிறுத்தவும் அவர்களால் முடியும்.

நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் மட்டும் மிச்சமிருக்க, திடீரென்று அவன் பலம் ஏறி மூன்று பேரையும் முடித்துவிட்டான். இது நியாயமா?

ஸ்பார்க்கிங் என்பது அதுதான். ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை. போட்டவுடன் பக்கத்தில் நிற்பவன் தள்ளிவிடப்படுவான், அடியின் சேதம் கூடும், நீல நிறத்தில் தெரியும் இழந்த உயிர் மெல்ல ஏறும். முக்கியமான விஷயம், அணியில் எத்தனை பேர் வீழ்ந்திருக்கிறார்களோ அதற்கேற்ப அது நீடிக்கும். மூவரும் உயிரோடு இருக்கும்போது போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி ஆளாக நிற்கும்போது போட்டால் நெடுநேரம் எரியும்.

இந்த கேமை நான் மதிப்பதற்கு முதல் காரணம் படமல்ல, இந்த விதிதான். டிராகன் பால் கதை முழுக்க நடப்பது என்ன? நண்பர்கள் ஒவ்வொருவராக விழுவார்கள். கடைசியாக நிற்பவன் கத்திக்கொண்டே எங்கிருந்தோ ஒரு பலத்தை எடுப்பான். அதை வெட்டுக்காட்சியாகக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஆட்டத்தின் கணக்காகவே மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரை இழந்த பிறகும் கன்ட்ரோலரைக் கீழே வைக்கத் தோன்றாது.

நியாயமா என்று கேட்டால், விதி இரண்டு பக்கமும் ஒன்றே. எதிரியிடம் ஸ்பார்க்கிங் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தால் கடைசி ஆளிடம் நெருங்கிப் போகாமல் தடுத்தபடி பின்வாங்குங்கள். நேரம் தீரட்டும்.

திரையில் டிராகன் பந்துகள் சேர்கின்றனவே. எதற்கு?

அலங்காரம் என்று நினைத்துப் பலர் கவனிப்பதே இல்லை. நீளமான காம்போக்கள் அடிக்க அடிக்கப் பந்துகள் ஒவ்வொன்றாகச் சேரும். இரண்டு பேர் அடிப்பதும் ஒரே கணக்கில் விழும். ஏழும் சேர்ந்த பிறகு, ஏழு கோடு கி நிரம்பிய நிலையில் யார் லைட் தானியங்கி காம்போவை முழுதாக அடிக்கிறாரோ அவருக்கு வரம் தரும் டிராகனான ஷென்ரான் வருவார். வானம் இருளும், ஆட்டம் நிற்கும், நான்கு வரங்களில் ஒன்றைக் கேட்கலாம். உயிரை முழுதாக நிரப்புவது, வீழ்ந்த ஒருவரை எழுப்புவது, உயிர் தானாக ஏறிக்கொண்டே இருப்பது, ஸ்பார்க்கிங்கை மறுபடி பெறுவது.

நல்ல ஆட்டக்காரர்களுக்கு நடுவே இது அபூர்வம். வீட்டில் தம்பியோடு விளையாடும்போது அடிக்கடி நடக்கும். நீங்கள் சேர்த்த பந்துகளுக்கு அவன் வரம் வாங்கிப்போவதும் நடக்கும்.

யாரை எடுப்பது?

வெளியானபோது 24 பேர். பிறகு கட்டணப் பாத்திரங்களாக வந்தவர்களைச் சேர்த்து 2022ல் 44 ஆனது. தொடங்குபவர்களுக்கு சூப்பர் சையன் கோகு, ஆண்ட்ராய்டு 18, டிரங்க்ஸ் நல்ல அணி. மூவருக்கும் விசித்திரமான விதிகள் எதுவும் இல்லை.

விசித்திரம்தான் வேண்டும் என்றால் கினியூவை எடுங்கள். அவரது படையினரை ஒவ்வொருவராக அழைக்கலாம். குல்டோ வந்து எதிரியை அசையவிடாமல் நிறுத்துவார், ரிகூம் வந்து கதிர் வீசுவார். அவருடைய லெவல் 3 அடி பட்டுவிட்டால் உடல் மாறிவிடும். அனிமேயில் நடந்ததுபோலவே, எதிரியின் கோகு உங்கள் கைக்கு வந்துவிடும், அவன் கையில் கினியூ. ஆன்லைனில் முதல் தடவை இது நடக்கும்போது எதிராளி சில விநாடிகள் எந்தப் பட்டனும் அழுத்தாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

நாப்பா தரையில் சைபாமேன் விதைகளை நடுவான், அவை முளைத்து எழுந்து எதிரியைத் துரத்தும். கிரிலின் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வீசுவான். அது சில சமயம் உயிர் கூட்டும் சென்சு விதை, சில சமயம் வெறும் கல். இருபது பாத்திரங்களைச் செய்து முடித்த களைப்பில் எதையோ ஒட்டவைத்ததாக எங்கும் தெரியவில்லை. யாம்சாவுக்குக்கூட, ஆமாம் யாம்சாவுக்குக்கூட, ஓநாய் முஷ்டியை வைத்து உருப்படியான ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

குறை என்று சொன்னால் கோகுக்கள் அதிகம். சூப்பர் சையன் கோகு, நீல முடிக் கோகு, சாதாரணக் கோகு, ஜிடி கோகு, அல்ட்ரா இன்ஸ்டிங்க்ட் கோகு, அதற்கு மேல் கோகு பிளாக். தேர்வுத் திரையைப் பார்த்தால் குடும்ப விழா அழைப்பிதழ் போல ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

யாம்சா நாப்பாவோடு மோதினால் ஏதோ நடக்கும் என்கிறார்களே?

பார்த்துவிடுங்கள். சில ஜோடிகள் மோதினால் சண்டைக்கு முன்பே அனிமேயின் காட்சி ஒன்று வரும். யாம்சாவும் நாப்பாவும் என்றால் சைபாமேன் வெடித்து யாம்சா பள்ளத்தில் சுருண்டு கிடக்கும் அந்தப் புகழ்பெற்ற கிடப்பு. கோகுவின் அணியில் கிரிலினும் இருந்து எதிரே ஃபிரீசா நின்றால், கிரிலினுக்கு என்ன ஆகும் என்று கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முடிவுக் காட்சிகளும் உண்டு. உரிய களத்தில் உரிய எதிரியைக் கடைசியாக ஹெவி அடியால் வீழ்த்த வேண்டும். கோஹான் செல்லை முடிப்பது, கோகு ஃபிரீசாவை முடிப்பது. அனிமேயின் அதே கோணம், அதே இடைவெளி. இவற்றுக்கென்று தனிப் பட்டியல் எதையும் கேம் கையில் கொடுப்பதில்லை, தற்செயலாகத்தான் கிடைக்கும். அதுதான் சுவாரஸ்யமும்.

ஸ்டோரி மோட் எப்படி?

சுமார். மூன்று பாகங்களாக நீள்கிறது. ஒரு மர்ம அலையால் எல்லோரும் பலம் இழந்து விழ, நீங்கள் ஓர் ஆன்மாவாக அவர்கள் உடலில் புகுந்து சண்டை போடுகிறீர்கள். ஆண்ட்ராய்டு 21 என்ற புதிய பாத்திரம் இந்த கேமுக்காகவே உருவானது. தொடரைப் படைத்த அகிரா தொரியாமாவின் பங்கும் அவளது வடிவமைப்பில் இருக்கிறது. அவளும் அவள் பசியும் நன்றாகவே வந்திருக்கின்றன.

ஆனால் சண்டைகள்? அதே நகல் வீரர்கள், அதே எளிய எதிரிகள், வரைபடத்தில் கட்டம் கட்டமாக நகர்ந்து மறுபடி அதே நகல் வீரர்கள். லைட்டைத் தட்டிக்கொண்டே பாதிக் கதையைத் தாண்டிவிடலாம். இதில் பழகிவிட்டு ஆன்லைனுக்குப் போனால் அடி பலமாக விழும். நடுநடுவே பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் சின்ன உரையாடல்கள் மட்டும் தங்கம். நாப்பாவும் யாம்சாவும் ஒரே அணியில் இருந்தால் என்ன பேசுவார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

கதை முடித்த பிறகுதான் மற்றதைத் தொடுவேன் என்று இருக்காதீர்கள். பயிற்சிக்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் காம்போ சேலஞ்ச் இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

அனிமே பார்த்ததில்லை. விளையாடலாமா?

தாராளமாக. பாதிச் சிரிப்பு புரியாது, அவ்வளவுதான்.

குரல் எந்த மொழியில்? தமிழில் உண்டா?

ஜப்பானியம், ஆங்கிலம் இரண்டு குரல்களும் உண்டு. தமிழில் குரலும் இல்லை, வசனமும் இல்லை.

என் பரிந்துரை ஜப்பானியம். கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் மசாக்கோ நொஸாவா, 1936ல் பிறந்தவர். கோகு, கோஹான், கோட்டென் மூவருக்கும் அவரே. கேம் வெளியானபோது அவருக்கு வயது 81. சின்னக் கோஹான் தந்தையோடு சேர்ந்து காமேஹாமேஹா வீசும் அந்த லெவல் 3 அடியில் கேட்கும் இரண்டு அலறலும் அவருடையதுதான். வேண்டுமானால் ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.

இசை தனி விஷயம். அனிமேயின் பழைய பாடல்கள் கேட்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், அவற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூடவே வரும் ராக் இசை மோசமில்லை.

ஆன்லைனில் விளையாட முடிகிறதா? இழுக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது, ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். உங்கள் பட்டன் செய்தி எதிராளியிடம் போய்ச் சேர 100 மில்லிசெகண்ட் ஆனால் ஆறு ஃபிரேம் போய்விட்டது. சண்டை கேமில் ஆறு ஃபிரேம் என்பது ஒரு லைட் அடியின் நேரம்.

ஆரம்பத்தில் இருந்த முறை, எதிராளியின் செய்தி வரும் வரை ஆட்டத்தையே தாமதிக்கவைத்தது. தூரத்து நாட்டுக்காரரோடு விளையாடினால் தண்ணீருக்குள் சண்டை போடுவதாகத் தோன்றும். 2024 பிப்ரவரியில் ரோல்பேக் வந்தது. இது காத்திருக்காது. எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஆட்டத்தை நடத்தும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். கண்ணுக்கு ஒரு சின்னத் துள்ளல் தெரியலாம், ஆனால் உங்கள் பட்டன் உடனே வேலை செய்யும். பிஎஸ்5, புதிய எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றுக்கும் இது கிடைத்தது. ஸ்விட்ச் பதிப்புக்கு இல்லை.

இன்னும் விளையாடிக்கொண்டிருப்பவர்கள் பல வருடம் ஊறியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரேங்க் ஆட்டத்துக்கு நேரே போகாதீர்கள். உங்கள் அளவுக்கே புதிய நண்பர் ஒருவரைப் பிடித்து ரிங் மேட்சில் தனியாக மோதிப் பழகுங்கள்.

பெரிய போட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

கற்கிறோமோ இல்லையோ, பார்க்க வேண்டும். 2018ல் லாஸ் வேகாஸில் நடந்த இவோ என்ற சண்டை கேம் போட்டியில் எல்லா கேம்களையும்விட அதிகப் பேர் பதிவுசெய்தது இதற்குத்தான், 2500க்கும் மேல். இறுதியில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானின் கோஇச்சியை வென்றார். அடுத்த ஆண்டு அதே மேடையில் கோஇச்சி சோனிக்ஃபாக்ஸை வென்று கணக்கைத் தீர்த்தார். இரண்டு இறுதிப் போட்டிகளின் வீடியோவும் கிடைக்கின்றன. முதல் தடவை பார்க்கும்போது காம்போவைப் பார்க்காதீர்கள், தடுப்பதைப் பாருங்கள். எத்தனை நேரம் ஒன்றுமே அழுத்தாமல் பொறுமையாக இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

எந்தப் பதிப்பு வாங்குவது? கூடுதல் பாத்திரங்கள் அவசியமா?

பிசி அல்லது பிஎஸ்5. அடிப்படைப் பதிப்பே போதும், அதில் 24 பேர் இருக்கிறார்கள். தள்ளுபடி அடிக்கடி வரும், முழு விலை கொடுக்க வேண்டாம். பிறகு யாராவது ஒருவர் மேல் ஆசை வந்தால் அவரை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பாத்திரங்கள் சிலர் சிலராகச் சேர்த்து பாஸ் என்ற தொகுப்புகளாக விற்கப்பட்டதால், எல்லாவற்றையும் தனித்தனியே கூட்டினால் கேமின் விலையைத் தாண்டிவிடும். மொத்தமாக வேண்டுமென்றால் கூட்டுப் பதிப்பாகத் தள்ளுபடியில் பிடியுங்கள்.

கன்ட்ரோலர் கட்டாயமா? கீபோர்டில் ஆடலாமா?

ஆடலாம். கீபோர்டிலேயே நன்றாக ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அமைப்பில் போய் சூப்பர் டேஷ், டிராகன் ரஷ் இரண்டுக்கும் தனித்தனி விசை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தும் தொல்லை இருக்காது. உங்கள் கீபோர்டு ஒரே சமயத்தில் எத்தனை விசைகளை வாங்கிக்கொள்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவானவற்றில் மூன்றாவது விசை சில சமயம் பதிவாகாது, குறுக்கே பாய வேண்டியவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.